பழைய சாலையை நடப்பவர்களுக்கு விடுங்கள்: வேளாங்கண்ணி வழியிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து வேளாங்கண்ணி வரை வழியில் இருக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும், காவல்துறை அதிகாரிகளுக்கும், அந்தச் சாலையைப் போட்டுப் பராமரிக்கிறவர்களுக்கும், வழியோரப் பங்குத்தந்தையர்களுக்கும்,

இரவு பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள். சாலையோரத்தில் படுக்காதீர்கள். இந்த இரண்டு வரியையும் ஒரே துண்டுத்தாளில் அச்சடித்து, போன திருவிழாவுக்கு நடந்துபோன எங்கள் கையில் கொடுத்தார்கள். கொடுத்த இளைஞர் மரியாதையாகத்தான் கொடுத்தார். "அப்போ எங்க தம்பி படுக்கிறது?" என்று எங்கள் குழுவில் ஒரு அக்கா கேட்டார். "அது தெரியாதுங்கம்மா, மேல இருந்து கொடுக்கச் சொன்னாங்க" என்றார். மேலே இருப்பவர்கள் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

விஷயம் தெரியாத அதிகாரிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு 29 மாலை வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், அதுதான் பெருவிழா. அதற்கு முந்தின இரவு பெரிய தேர். சிலர் கொடிக்குப் போய்ச் சேரும்படி கிளம்புவார்கள், சிலர் தேருக்கு. அதனால் ஆகஸ்டு மூன்றாவது வாரத்திலிருந்தே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய கூட்டங்கள் தெற்கே போய்க்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேர், பின்னால் பாத்திரமும் பாயும் ஏற்றிய குட்டியானை வண்டி, நடுவில் நாங்கள்.

மீன் விற்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், பெயின்டர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், அரியர் வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கள், பிள்ளை வேண்டுமென்று நேர்ந்துகொண்டவர்கள், அது பிறந்தபின் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருபவர்கள், இப்படித்தான் எங்கள் கூட்டம் இருக்கும். பொட்டு வைத்த அம்மாக்களும் நிறைய உண்டு. மாதாவிடம் யாரும் சாதிச் சான்றிதழ் காட்டிவிட்டுப் போவதில்லை.

இந்தத் திருவிழாவுக்கு அரசு ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிறப்பு ரயில் உண்டு, சிறப்பு பஸ் உண்டு. வேளாங்கண்ணிக்குள் கால் வைத்தபின் போலீஸ், மருத்துவ முகாம், குடிநீர் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. போய்க்கொண்டிருப்பவர்களுக்குக் கிடைத்தது அந்தத் துண்டுத்தாள்தான்.

இரவில் ஏன் நடக்கிறோம் என்று தாளை அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு குழுத் தலைவரிடமாவது கேட்டிருக்கலாம். வேண்டுதல் வைத்துச் செருப்பில்லாமல் வருபவர்கள் பலர். ஆகஸ்டு வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலைத் தாரில் வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷம் போதும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும்போது ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது, உப்பின் வெள்ளை வேறு கண்ணைக் கூசும். செருப்புப் போட்டவர்களுக்கும் வெயிலில் வேறு தொல்லை. வியர்வை ஊறி ஊறிக் கால் கொப்புளம் கட்டும், தொடை உரசிப் புண்ணாகும். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு நீரை வடிய வைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாள் நடப்போம். அதனால்தான் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஒன்பது பத்து மணிக்கு எங்காவது ஒதுங்கி, சமைத்துச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, வெயில் தாழ்ந்ததும் எழுந்து ராத்திரி வரை நடப்பது. அனுபவப்பட்ட குழுக்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. பகலில் நட என்று நீங்கள் சொன்னால், மயங்கி விழும் கிழவிகளை அள்ளிக்கொண்டு போக 108 வண்டி போதாது.

இரவில் ஆபத்து இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டத்தின் கடைசியில் ஒரு அண்ணன் சிவப்பு விளக்கைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே வருவார். அவருடைய வேலைதான் இருப்பதிலேயே பயங்கரமானது, ஏனென்றால் வருகிற வண்டி முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும், அல்லது பார்க்காமல் போக வேண்டும். சனிக்கிழமை இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்குகளும் கார்களும் எந்த வேகத்தில் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லையை ஒட்டி வண்டிகள் நேர்கோட்டில் வருவதும் இல்லை, காரணமும் ஊரறிந்தது. 2024 ஜூலையில் தஞ்சாவூர்–திருச்சி சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்துபோனவர்கள் மீது அதிகாலையில் வண்டி மோதி ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் குழுவில் பெயர் கொடுத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும், இந்த வருஷம் போக வேண்டாமே என்ற பேச்சு வந்தது. போகாமல் இருந்தவர்கள் குறைவுதான். அது பக்தியா பிடிவாதமா என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போவார்கள். போகிறவர்களைப் போகாதே என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஏதாவது நடந்தால் நாங்கள்தான் சொன்னோமே என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டுவதற்கா இது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

சரி, ஓரமாகப் போங்கள் என்கிறீர்கள். ஓரம் என்று நீங்கள் சொல்வது எது? வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பல இடங்களில் ஒரு ஆள் அகலம்கூடத் தார் கிடையாது. அதையும் தாண்டினால் பாதத்தைக் கிழிக்கும் ஜல்லி, சாய்ந்து நிற்கும் சீமைக்கருவேல முள், குடித்துவிட்டு உடைத்துப்போட்ட பாட்டில். அந்தக் கொஞ்ச இடத்திலும் பஞ்சர் ஆன லாரி நிற்கும், எதிர்த்திசையில் பைக் வரும். பாலங்கள் வந்தால் இன்னும் மோசம். பாலாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காரைக்காலில் அரசலாறு என்று இந்த வழி முழுக்க ஆறுகள்தான். நீளமான பாலத்தின் நடுவில் இருக்கும்போது இரண்டு பக்கமும் கனரக வண்டி வந்தால், தேரை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். லாரி தாண்டும்போது பாலம் அதிர்வது முதுகில் தெரியும். அந்த நேரத்தில் செபமாலையின் பத்து மணியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் ஒரு ஆயா எங்களோடு வருகிறார்.

நடைபாதை என்றால் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று, சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதி சொல்கிறது. உங்கள் பொறியாளர்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று சொல்லிவிட்டது. அண்ணா சாலைக்கு ஒரு வாழ்வுரிமை, மரக்காணத்துக்கும் சீர்காழிக்கும் வேறொரு வாழ்வுரிமை என்று இருக்க முடியாதே. இன்னொன்று, நாங்கள் வருஷத்தில் சில நாள் போகிறவர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதே ஓரத்தில் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ஆடு மாடு போகிறது. எங்களுக்காகப் போடும் நடைபாதையை மீதி நாளெல்லாம் அவர்கள்தான் அனுபவிக்கப் போகிறார்கள்.

இந்த வழியில் நடப்பவர்களுக்குப் பொறுப்பாளர் யாருமில்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னையை விட்டால் செங்கல்பட்டு, விழுப்புரம், அப்புறம் புதுச்சேரி, மறுபடி தமிழ்நாட்டில் கடலூர், மயிலாடுதுறை, அதைத் தாண்டினால் காரைக்காலில் மறுபடி புதுச்சேரி அரசு, வாஞ்சூரைக் கடந்து நாகூரில் மறுபடி தமிழ்நாடு. ஏழு நிர்வாகம், இரண்டு அரசு, அதற்கு மேல் தேசிய நெடுஞ்சாலை என்று தனி அதிகாரம். ஒரு எல்லையில் எங்கள் முதுகில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், நல்ல காரியம். அடுத்த எல்லையில் தேரின் சீரியல் விளக்கை அணைக்கச் சொன்னார்கள், ஓட்டுநர்களுக்குக் கவனம் சிதறுகிறதாம். ஒரு இடத்தில் இடது பக்கமாகப் போகச் சொன்னார்கள். வண்டி எதிரே வருவது தெரிய வேண்டும், வலது பக்கமாகப் போங்கள் என்று இன்னொரு இடத்தில் விரட்டினார்கள். வலது பக்கம் போனால் எங்கள் சாமான் வண்டியும் தண்ணீர்க் கேனும் சாலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் தடுப்புச் சுவர். தாகம் எடுத்தால் சுவரேறிக் குதிக்க வேண்டியதுதான். யார் சொன்னது சரி என்று நான் கேட்கவில்லை. ஏழு பேரும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது பழைய சாலைக்கு வருகிறேன். விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்கு வழிச் சாலை போடுகிறீர்கள். வேலை நான்கு பகுதியாகப் பிரிந்து நடக்கிறது, சில பகுதிகளில் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. சாலை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் புதிய சாலை ஊரைத் தொடாமல் வயலுக்கு நடுவில் போகிறது. காருக்கு அது வசதி. நடப்பவருக்கு அங்கே டீக்கடை கிடையாது, குழாய் கிடையாது, நிழல் கிடையாது, யாராவது விழுந்தால் கூப்பிட ஒரு வீடு கிடையாது. அகலப்படுத்திய இடங்களில் புளியமரங்களும் போய்விட்டன. பழைய சாலை அப்படி இல்லை. ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். விடியற்காலை நான்கு மணிக்கே பாய்லர் கொதிக்கும் கடை, பிள்ளையார் கோயில் அரசமரத்து மேடை, தெருமுனையில் மாதா சுரூபம் வைத்த சின்னக் கெபி, பள்ளிவாசல் திண்ணை, அடிபம்பு.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. எங்கள் வழியில் தண்ணீர்ப்பந்தல் வைப்பவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வயலில் வேலை செய்துவிட்டு வந்த பெண்கள் அண்டா நிறைய நீர்மோர் கரைத்து வைத்துக்கொண்டு, எத்தனை மணி ஆனாலும் கூட்டம் தாண்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற, கால் ஊனமான பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்டார் என்பது எங்களுடைய வழிவழிக் கதை. அந்தப் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அப்படியா, எங்களுக்கு மாரியாத்தாதான் தெரியும், குடிங்க குடிங்க" என்பார்கள். காரைக்கால் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், தொழுகைக்குப் போய்விட்டு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்துக் குழந்தைகளுக்குப் பிஸ்கெட் பாக்கெட் பிரித்துக் கொடுப்பார். அரசு செய்ய வேண்டியதில் பெரும்பங்கை இத்தனை வருஷமாக இந்தக் கிராமங்கள்தான் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கின்றன. புறவழிச் சாலையில் எங்களைத் திருப்பிவிட்டால் அதுவும் போய்விடும்.

என் யோசனை இதுதான். புதிய சாலை திறந்த இடங்களில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பழைய சாலை இனிமேல் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆகஸ்டு 18 முதல் செப்டம்பர் 8 வரை, மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை, பழைய சாலையைக் கனரக வண்டிகளுக்கு மூடுங்கள், நடப்பவர்களுக்கு விடுங்கள். ஊர்க்காரர்களின் பைக்கும் காரும் மெதுவாகப் போய் வரட்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. சந்திப்புகளில் தடுப்பு, எங்கே திரும்ப வேண்டும் என்று பலகை, எரியாத தெருவிளக்குகளை எரிய வைப்பது, ஒரு சுற்றறிக்கை, இவ்வளவுதான். மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் மட்டும் இது செல்லாது, அங்கே இருக்கும் சாலையையேதான் அகலப்படுத்துகிறார்கள். அங்கே வேலை நடக்கும்போதே ஓரத்தில் நடைபாதையையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் இடமில்லை என்பீர்கள்.

அடுத்தது, பேசுவதற்குக் கூச்சப்பட்டு எல்லாரும் விட்டுவிடும் விஷயம். எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடுவார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். அந்த வெயிலில், அவ்வளவு தூரம் நடந்துவிட்டு, தண்ணீர் கையில் இருந்தும் குடிப்பதில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இருட்டியபின் நாலைந்து பேர் சேர்ந்து புடவையை மறைப்பாகப் பிடித்து, பாம்பு இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உட்காருகிறோம். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் குழுவில் அபூர்வம். மாதவிடாய் நாள் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், துணி மாற்ற ஒரு மறைவுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் பங்க்குகளில் சிலர் சாவி தருவார்கள், சிலர் வண்டிக்கு எண்ணெய் போடுபவர்களுக்கு மட்டும்தான் என்பார்கள். சுங்கச்சாவடியில் கழிப்பறை உண்டு. ஒரு சாவடிக்கும் அடுத்த சாவடிக்கும் உள்ள தூரம் காருக்குக் கணக்குப் போட்டது.

உங்களில் பெண் அதிகாரிகள் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

படுக்கும் இடத்துக்கும் நீங்கள் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை மாவட்டங்களில் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் கட்டினீர்கள். பெரிய கூடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டியவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. நாங்கள் அதே கட்டடத்தின் மதில் சுவருக்கு வெளியே தார்ப்பாய் விரித்துப் படுக்கிறோம். சாவி யாரிடம் என்று கேட்டால் தலையாரியிடம் என்பார்கள், தலையாரியிடம் போனால் தாலுகா ஆபீஸில் என்பார்கள். ஒருமுறை நடுராத்திரியில் மழை பிடித்துக்கொண்டு, தேரின் மேல் பாலித்தீனைச் சுற்றிவிட்டு, குழந்தைகளைக் குட்டியானைக்குள் அடைத்துவிட்டு, பெரியவர்கள் எல்லாரும் ஒரு மூடிய கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே விடியும்வரை நின்றோம். பூட்டிய மையத்தின் தாழ்வாரம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. சாலையோரம் படுக்காதே என்று அச்சடித்த தாளின் பின்பக்கத்தில் இந்த மையங்களின் பட்டியலையும், சாவி வைத்திருப்பவரின் பதவியையும் அச்சடித்திருந்தால், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்போம்.

பங்குத்தந்தையர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் பள்ளிக்கூட ஹாலைத் திறந்து, ராத்திரிக்குக் கஞ்சி காய்ச்சி, எங்கள் கால்களுக்கு மருந்து போடச் சிஸ்டர்களை அனுப்பியிருக்கிறீர்கள். அதை மறக்க மாட்டோம். ஆனால் கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேனை வைத்துப் பதில் சொன்ன கோயில்களும் உண்டு. மாதாவுக்கு நடந்துவரும் பெண்கள் மாதா கோயில் வாசலில் கழிப்பறை கேட்டுக் கெஞ்சுவது உங்களுக்கு எப்படி இருக்குமோ, எங்களுக்கு அழுகை வந்தது. காரணம் கேட்டபோது, போன குழு போட்டுவிட்டுப் போன குப்பையை அள்ள இரண்டு நாள் ஆனது என்றார் அந்த வாட்ச்மேன்.

அதில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூட்டங்கள் எல்லாம் ஒழுங்கு என்று நான் வாதாட மாட்டேன். பிளாஸ்டிக் தட்டையும் தண்ணீர் பாக்கெட்டையும் வயலில் வீசிவிட்டுப் போகும் குழுக்கள் இருக்கின்றன. நடுராத்திரி ஊருக்குள் ஸ்பீக்கரை அலற விட்டுக்கொண்டு, மாதா பாட்டைக் குத்துப்பாட்டு மெட்டில் போட்டு ஆடிக்கொண்டு போகும் பையன்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் கைக்குழந்தை வைத்திருப்பவள் எங்களை வாழ்த்தவா செய்வாள்? இவர்களைக் கண்டியுங்கள். பதிவு செய்யாத குழுவுக்குத் தங்குமிடம் இல்லை என்று சொல்லுங்கள், ஸ்பீக்கருக்கு நேரம் வையுங்கள், குப்பைக்கு முன்பணம் வாங்குங்கள். ஒழுங்காகப் போகிறவர்கள் இதற்கெல்லாம் மறுப்புச் சொல்ல மாட்டோம். ஆனால் கட்டுப்பாடு போட வேண்டுமென்றால் முதலில் எங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்குத் திண்டுக்கல் பக்கம் சாலையோரம் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள், கையில் ஒளிரும் குச்சி கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தீர்களே என்ற பொறாமையில் இதைச் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டு அண்ணன் தையில் பழனிக்கும் ஆவணியில் எங்களோடும் நடக்கிறவர், அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இதே அரசுத் துறைகளால் அங்கே முடிந்திருக்கிறது. ஸ்பெயினில் இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் கல்லறைக் கோயிலுக்கு நடக்கும் பாதை ஒரு காலத்தில் மறந்துபோய்க் கிடந்தது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பங்குச் சாமியார் எலியாஸ் வலிஞா 1980களில் மஞ்சள் பெயின்டை எடுத்துக்கொண்டு போய், வழிநெடுக மரத்திலும் கல்லிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். 1993-ல் அந்தப் பாதையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடப்பவர்களுக்குக் கிராமத்துக்குக் கிராமம் தங்குமிடம் இருக்கிறது, அந்த ஊர்களுக்கு அதனால் வருமானமும் இருக்கிறது. நம் சாமியார்களுக்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்கிக் கொடுக்க நாங்கள் தயார். மாதாவுக்கு நீலம் பொருத்தமாக இருக்கும்.

இனி நான் கேட்பவை.

ஏழு நிர்வாகங்களுக்கும் சேர்த்து, இந்தப் பாதயாத்திரைக்கென்று ஒரே ஒரு பொறுப்பு அதிகாரியை வையுங்கள். அவருடைய அலுவலகத்துக்கு ஒரே தொலைபேசி எண் இருக்கட்டும், காரைக்காலில் கூப்பிட்டாலும் கடலூரில் கூப்பிட்டாலும் அதே எண். எந்தப் பக்கமாக நடப்பது, தேரில் விளக்கு எரியலாமா கூடாதா என்பதை அவர் ஒருமுறை சொல்லட்டும், வழி முழுக்க அதுவே செல்லட்டும். ரேடியம் ஸ்டிக்கரைச் சென்னையிலேயே குழுவைப் பதிவு செய்யும்போது கொடுத்துவிடுங்கள்.

பழைய சாலையை மேலே சொன்ன நாட்களில், மேலே சொன்ன நேரத்தில் கனரக வண்டிகளுக்கு மூடுங்கள். புதிய சாலை இன்னும் திறக்காத இடங்களிலும் பாலங்களிலும் அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைத்து, இரவில் ஆள் நிறுத்துங்கள். மாமல்லபுரம்–புதுச்சேரி பகுதியில் நடைபாதை திட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

பேரிடர் பாதுகாப்பு மையங்களை அந்த மூன்று வாரம் இரவில் திறந்து வையுங்கள். மையம் இல்லாத இடத்தில் அரசுப் பள்ளித் தாழ்வாரத்தை மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அனுமதியுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாவது பெண்களுக்கான கழிப்பறை வேண்டும், தற்காலிகமானதாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் இருக்க வேண்டும். பராமரிப்பை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். கட்டணம் வைத்தாலும் கொடுக்கிறோம்.

பங்குத்தந்தையர்கள், பதிவு செய்த குழுக்களுக்காவது கோயில் வளாகத்தின் கழிப்பறையையும் குழாயையும் இரவில் திறந்துவிடுங்கள். குப்பைக்கு எங்கள் குழுத் தலைவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் பேசி முடிவெடுக்க, ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் ஒரு கூட்டம் கூட்டுங்கள். அதில் நடக்கிற பெண்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும். தேதியையும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், லீவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் பெண்களில் ஒருத்தி